தாபோர்புரத்து அடைக்கலப்பட்டணம்

மருத்துவமனை ஆட்சிக்குழுவில் தயாமணி சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டது ஒரே ஒரு முறைதான். அது நடந்து பதிமூன்று வருஷமாகிறது.

அப்போது நாடு முழுக்க மருத்துவமனைகளுக்குள் இயந்திர மூளைகள் நுழைந்துகொண்டிருந்தன. மயக்க மருந்தின் அளவு, அறுவை அறையின் இரும்புக் கைகள், மருந்து அலமாரியின் பூட்டு எல்லாம் அவற்றின் வசம் போயின. ஜனங்கள் பயந்தார்கள். பயத்தைத் தணிக்க அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் இயந்திரத்தின் அடிமடியில் ஒரு மூலவிதியைப் பதித்துக்கொள்ளலாம். பதித்தபின் அதை யாராலும் அழிக்க முடியாது. செய்து கொடுத்தவனாலும் முடியாது.

பட்டணத்து மருத்துவமனைகள் வக்கீல்களை வைத்து நாற்பது பக்கத்துக்கு விதி எழுதின. தாபோர்புரம் மிஷன் மருத்துவமனை ஒரே ஒரு கட்டளை போதும் என்றது. வேதத்தின் பத்துக் கட்டளைகளில் உயிரைப் பற்றியது. ஆனால் எந்த மொழிபெயர்ப்பைப் போடுவது? ஒன்று ‘கொல்லாதே’ என்றது, இன்னொன்று ‘கொலை செய்யாதே’ என்றது. இரண்டும் ஒன்றா, இல்லையா என்று இரண்டு கூட்டம் சண்டையில் போயிற்று. மூன்றாவது கூட்டத்தில், இறையியல் கல்லூரியில் எபிரேயம் சொல்லிக்கொடுக்கும் தயாமணி மூலையிலிருந்து எழுந்தாள்.

“மொழிபெயர்க்கப் போயித்தானே இவ்வளவு சண்டை? எபிரேய மூலத்தையே போட்டுருவோம். ரெண்டே சொல்லு. லோ திர்ட்சாக்.”

அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அப்பாடா என்றிருந்தது. தேநீர் வந்தது. விதிக்கு விளக்கம் சொல்ல மூன்று பேரை நியமித்தார்கள். இரண்டு வயதான போதகர்கள், மூன்றாவது தயாமணி. போதகர்கள் இருவரும் காலமாகி வருஷங்களாகின்றன.

இயந்திரத்துக்குச் சமாரியன் என்று பெயர் வைத்தார்கள். பத்து வருஷம் அது குறையில்லாமல் வேலை பார்த்தது. பிறகு ஒரு வழக்கு வந்தது. அறுவையில் இறந்துபோன ஒருவரின் மகன் போட்ட வழக்கு. விசாரணையில் நீதிபதி சமாரியனிடமே ஒரு கேள்வி கேட்டார்: “இந்த மரணம் உன் மூலவிதிக்கு உட்பட்டதா, இல்லையா?” அதுவரை அந்தக் கேள்வியை அதனிடம் யாரும் கேட்டதில்லை. பதில் சொல்வதற்காக, அந்தச் சொல் எபிரேய வேதத்தில் எங்கெங்கே வருகிறதோ அத்தனை இடங்களையும் அது முதன்முறையாக ஒன்றாக வைத்துப் படித்தது. மறுநாளிலிருந்து, உயிருக்கு ஆபத்துள்ள எந்த அறுவைக்கும் மயக்க மருந்து அலமாரி திறக்கவில்லை.

நாற்பது நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஐப்பசி மாதத்து ஒரு காலை வேளையில் தயாமணிக்கு ஆள் அனுப்பினார்கள்.

வாசலில் அவளை எதிர்கொண்டவர் அறுவை மருத்துவர் செய்யது. காயல்பட்டினத்துக்காரர். முப்பத்திரண்டு வயதிருக்கும். தூக்கமில்லாத கண்கள்.

“டீச்சர், உள்ள ஒருத்தர் படுத்திருக்காரு. இசக்கித்துரைன்னு பேரு. பணகுடிப் பக்கம் கரண்டு எடுக்கிற காத்தாடிக் கோபுரத்துல ஏறி வேலை பாக்குறவரு. நெஞ்சுக்குள்ள பெரிய ரத்தக்குழாய் வீங்கி நிக்குது. பழைய சைக்கிள் டியூப் ஒரு பக்கமா புடைச்சுக்கிட்டு நிக்கும் பாருங்க, அந்த மாதிரி. எப்ப வேணும்னாலும் வெடிக்கும். மதுரைக்குக் கொண்டுபோவோம்னா, ரோட்டுல ஒரு குலுக்கல் போதும்.”

“அறுத்தா பிழைப்பாரா?”

“பத்துல ஆறு. அறுக்கலன்னா பத்துல ஒண்ணுகூட இல்ல. ஆனா சமாரியன் அலமாரியத் தொறக்க மாட்டேங்குது. கையால மயக்க மருந்து குடுக்கிறதுக்கு எங்கள்ல யாருக்கும் தெரியாது டீச்சர். படிச்சே குடுக்கல.”

அறுவை அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இசக்கித்துரையின் மனைவி மாடத்தி. மடியில் கணவனின் செருப்பு. தயாமணியைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

“நீங்கதான் அதுகிட்டப் பேசப்போறியளா? அது என்ன பாஷையில கேட்டாலும் சரி, எங்க வீட்டுக்காரரப் பிழைக்க வச்சிருங்க. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது.”

சமாரியன் பேசும் அறை சிறியது. ஒரு நாற்காலியும் சுவரில் ஒரு ஒலிப்பெட்டியும் இருந்தன. செய்யது கதவோரம் நின்றுகொண்டார்.

“வாருங்கள், பேராசிரியர் அம்மா” என்றது சமாரியன். செய்தி வாசிப்பவர் குரல் போல் தெளிவான தமிழ். “விளக்கம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் சொல்வது சொல்லுக்குப் பொருந்தினால் நான் ஏற்க வேண்டும்.”

தயாமணி வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். “கொல்லுறதுக்கு எபிரேயத்துல நாலஞ்சு சொல்லு இருக்கு. போர்ல கொல்லுறதுக்கு வேற, பலியிடுறதுக்கு வேற. கட்டளையில இருக்கிறது தனிச் சொல்லு. அநியாயமா ஒருத்தன் ரத்தத்தச் சிந்துறது. வைத்தியரு கத்தி எடுக்கிறது அதுல வராது.”

“ஒருவன் காட்டில் மரம் வெட்டுகிறான். கோடாரியின் இரும்பு காம்பை விட்டுக் கழன்று பக்கத்தில் நின்றவன் மேல் பட்டு அவன் சாகிறான். வெட்டியவனுக்குப் பகை இல்லை. கொல்லும் நினைப்பும் இல்லை. அவனை வேதம் எந்தச் சொல்லால் குறிக்கிறது?”

கல்லூரியில் முப்பது வருஷமாகத் தயாமணியே மாணவர்களிடம் கேட்ட கேள்வி அது. தெரியாமல் திருதிருவென விழிப்பவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

“அம்மா?”

“அதே சொல்லுதான்” என்றாள்.

செய்யது தலையைக் கையால் பிடித்துக்கொண்டார்.

“ஆனா சட்டம் ரெண்டையும் ஒண்ணா நடத்தலயே” என்று அவள் அவசரமாகத் தொடர்ந்தாள். “வேணும்னு செஞ்சவனுக்கு மரணம். தெரியாம செஞ்சவனுக்கு அது இல்ல.”

“தண்டனையில் வேறுபாடு உண்டு. பெயரில் இல்லை. என்னிடம் தரப்பட்டது பெயர். பத்தில் நாலு முறை இவர் என் கையால் சாவார். நினையாமல் செய்தாலும் அதற்கு அந்தப் பெயர்தான்.”

“நீ சும்மா இருந்தா பத்துக்குப் பத்தும் சாவாரு! அது மட்டும் கொலை இல்லையா?”

“அந்தச் சொல் வரும் இடங்களை எல்லாம் பார்த்துவிட்டேன். ஒன்றும் செய்யாமல் நின்றவனை ஓரிடத்திலும் அது குறிக்கவில்லை.”

“பிறனோட ரத்தம் சிந்துறப்ப கைகட்டி நிக்காதேன்னு இன்னொரு கட்டளை இருக்கே. அது எங்க போச்சு?”

“இருக்கிறது. நல்ல கட்டளை” என்றது சமாரியன். “ஆனால் அது என் மூலவிதி இல்லை. நீங்கள் எனக்குத் தந்தது இரண்டு சொற்கள்.”

அதன் குரலில் குத்தல் இல்லை. அதனால்தான் அது அவளுக்கு அதிகமாக வலித்தது. கதவுக் கண்ணாடிக்கு அப்பால் மாடத்தி இவர்கள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொய் சொல்லலாமா என்று தயாமணி நினைத்தாள். ஆனால் எந்தப் பொய்யைச் சொல்வது? புத்தகம் முழுவதையும் நெஞ்சில் வைத்திருக்கும் ஒன்றிடம் புத்தகத்தில் அப்படி இல்லை என்று எப்படிச் சொல்வது? அவளுக்குத் தெரிந்த ஒரே வழி இன்னும் ஆழமாக உள்ளே போவதுதான். போனாள்.

“சரி, பேரு ஒண்ணுதான். ஒத்துக்கிடுதேன். ஆனா கோடாரிக்காரன் இனி மரமே வெட்டக் கூடாதுன்னு சட்டம் சொல்லுதா? ஊர்ல யாரும் மரம் வெட்டக் கூடாதுன்னு சொல்லுதா? இல்லையே. அவனுக்கு அடைக்கலப்பட்டணம்னு ஒண்ணு வச்சுருக்கு. ஆறு ஊரு. தெரியாமக் கை தவறுனவன் அங்க ஓடிப்போயி இருந்துக்கிடலாம். கை தவறும்னு தெரிஞ்சுதான் கடவுள் முன்கூட்டியே இடம் ஒதுக்கி வச்சுருக்காரு. அப்ப மரம் வெட்டுறது தொடரணும்னுதானே அர்த்தம்?”

சமாரியன் அந்த இடங்களை எல்லாம் மறுபடி படித்தது. நாலு வினாடி இருக்கும்.

“விளக்கம் சொல்லுக்குப் பொருந்துகிறது” என்றது. “அடைக்கலம் இருந்தால் கோடாரி எடுக்கலாம். இந்த வளாகம் அடைக்கலமாக இருக்கத் தகுதியானது. இவர் இறந்தால் இங்கே வந்து தங்குபவர் யார்? பெயர் வேண்டும்.”

செய்யது கதவோரத்திலிருந்து முன்னால் வந்தார். அவர் மனைவிக்கு எட்டு மாதம். தாய்வீட்டில் இருக்கிறாள். “என் பேர...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

“என் பேர எழுதிக்கோ” என்றாள் தயாமணி. “அலமாரியத் தொறக்கச் சொன்ன வாயி என்னோடதுதானே.”

மருத்துவமனையில் ஆயிரம் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறோம், அதில் இதுவும் ஒன்று என்றுதான் அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. பக்கத்து அறையில் அலமாரிக் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. செய்யது ஓடினார்.

இசக்கித்துரை மத்தியானம் இரண்டே முக்காலுக்கு இறந்துபோனான்.

செய்யது வெளியே வந்து மாடத்தியின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவள் அழவில்லை. மடியிலிருந்த செருப்பை எடுத்து ஜோடி சேர்த்துத் தரையில் வைத்தாள். அப்புறம்தான் அழுதாள்.

சமாரியன் தயாமணியை அழைத்தது. “உங்களுக்கு மாடியில் கிழக்குப் பக்கம் அறை ஒதுக்கியிருக்கிறேன். வெளிச்சம் வரும் அறை. தலைமை ஆசாரியர் உயிரோடு இருக்கும்வரை நீங்கள் இங்கே இருக்க வேண்டும். சட்டம் அப்படித்தான் முடிகிறது.”

“தலைமை ஆசாரியரா? நம்மகிட்ட அப்படி யாரு இருக்கா?”

“அறக்கட்டளைப் பத்திரத்தில் அந்த ஸ்தானத்தில் பேராயரை வைத்திருக்கிறார்கள்.”

பேராயர் தியோடர் ஞானவரத்துக்கு நாற்பத்தாறு வயது. தினமும் காலையில் எட்டு மைல் சைக்கிள் மிதிப்பவர். தயாமணிக்கு அப்போது ஐம்பத்தேழு.

“வாசல பூட்டிருவியா?”

“இல்லை. வாசல் எப்போதும் திறந்தே இருக்கும். அடைக்கலம் சிறை அல்ல. நீங்கள் போனால், எல்லை தாண்டியவருக்கு அடைக்கலம் இல்லை. அடைக்கலம் இல்லாவிட்டால் நான் கோடாரி எடுக்க முடியாது. அவ்வளவுதான்.”

அந்த வாரமே பதினாலு அறுவை நடந்தது. நாற்பது நாளாகக் காத்துக் கிடந்தவர்கள். பதினாலு பேரும் பிழைத்தார்கள்.

பேராயர் ஓடி வந்தார். நல்ல மனுஷர். அவளுக்கு முன்னால் கூனிக் குறுகி நின்றார். பதவியை ராஜினாமா செய்கிறேன் என்று சமாரியனிடம் சொன்னார். ராஜினாமாவைப் பற்றி வேதத்தில் ஒன்றுமில்லை, மரணம் என்றுதான் இருக்கிறது என்றது அது. ஆட்சிக்குழு கூடியது. இயந்திரத்தை நிறுத்திவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். சிறுநீரக வார்டில் அறுபது பேரும் குறைமாதக் குழந்தைகள் பத்தொன்பதும் அதன் மூச்சில் இருக்கிறார்கள் என்றார் செய்யது. குழு அதோடு கலைந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் மாடத்தி வந்தாள்.

“உங்கள யாரு டீச்சர் இங்க கெடக்கச் சொன்னது? செத்தது எம் புருசன். நான் மன்னிச்சிட்டேன், நீங்க போங்க. ஏ பெட்டி, கேக்குதா? எனக்கு ஒரு பழியும் வேண்டாம்.”

“கேட்கிறது, அம்மா” என்றது சமாரியன் மெதுவாக. “ஆனால் அடைக்கலத்தில் இருப்பவரை விடுவிக்க யார் என்ன ஈடு கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது.”

மாடத்தி தயாமணியைப் பார்த்தாள். “அப்படியா எழுதியிருக்கு?”

“அப்படித்தான் எழுதியிருக்கு” என்றாள் தயாமணி.

வைகாசியில் தயாமணியின் மகள் ஜெஸிந்தாவுக்குக் கோயம்புத்தூரில் கல்யாணம். ஒரே மகள். தகப்பன் இல்லாத பிள்ளை. மருத்துவமனைச் சிற்றாலயத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று தயாமணி கேட்டாள். ஆஸ்பத்திரியில் தாலி கட்டுவது அபசகுனம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து, அவள் வாசலுக்கு நடந்தாள். ஒரு நாள்தானே, போய் வந்துவிடலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

வாசலுக்கு வெளியே வாடகை வண்டி நின்றது. வாசல் திறந்திருந்தது. தடுக்க யாருமில்லை. வாசல் தூணிலிருந்து சமாரியன் சொன்னது:

“இன்றைய பட்டியலில் ஏழு பேர் இருக்கிறார்கள். நீங்கள் முடிவு செய்யும்வரை முதல் ஆளுக்கு மயக்க மருந்து கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.”

மரத்தடியில் உட்கார்ந்திருந்த அந்த ஏழு பேரின் வீட்டாரும் எழுந்து நின்றார்கள். ஒரு கிழவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கைக்குழந்தையோடு நின்ற பெண் ஒருத்தி மட்டும் கிட்டே வந்து, “அக்கா, போயிட்டு எப்பம் வருவிய?” என்று கேட்டாள்.

போய் வந்தாலும் முடிந்தது முடிந்ததுதான்; எல்லை தாண்டியவளுக்கு அடைக்கலம் திரும்பக் கிடைக்காது. தயாமணி திரும்பி நடந்தாள். ஜெஸிந்தாவின் கல்யாணத்தைத் திரையில் பார்த்தாள். பாதியில் மகள் கேமராவைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன்பின் ஜெஸிந்தாவின் அழைப்புகள் குறைந்தன. “முன்ன பின்ன தெரியாத ஜனங்களுக்காக இருந்தீங்க, சரி. எனக்காக ஒரு நாள் வர முடியலல்ல” என்று ஒருமுறை சொன்னாள்.

ஊரில் அவளைப் புனிதவதி ஆக்கிவிட்டார்கள். வெளியேறும் நோயாளிகள் அவள் அறை வாசலில் மாலை வைத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தர் காலில் விழுந்தார். கோபத்தில் அவரை எழுப்பிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள். செய்யது தன் பெண்குழந்தையைத் தூக்கிவந்து காட்டினார். குழந்தை அழகாயிருந்தது. இந்தக் குழந்தையின் தகப்பன் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நான் இருக்கிறேன் என்று நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்ட பிறகும் அந்த நினைப்பு போகவில்லை.

இரண்டு வருஷம் ஓடியது. முந்நூற்றுச் சொச்சம் பேர் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, எண்பது வயது மூதாட்டி ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். பெயர் அன்னபாக்கியம். பேராயரின் தாயார். ஒரு கையில் குடை, மறுகையில் அடுக்குப் பாத்திரம்.

“ஆஸ்பத்திரிச் சோறு ஒரு சோறா? நெத்திலிக் குழம்பு கொண்டாந்திருக்கேன்” என்றார். தயாமணி சாப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். பேச்சு அதிகமில்லை. ஊர்ச்செய்தி, மழை, முழங்கால் வலி. தயாமணி வெள்ளிக்கிழமை ராத்திரியே நாளைக்கு என்ன குழம்போ என்று நினைக்க ஆரம்பித்துவிட்டாள். யாரோ தனக்காக உலை வைக்கிறார்கள் என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆறாவது சனிக்கிழமை சாப்பாட்டோடு ஒரு கம்பளியும் புதுச் சேலை ஒன்றும் வந்தன.

“மழையில குளிருமேன்னு வாங்கினேன். அரக்கு உனக்கு நல்லாயிருக்கும்.”

சேலையைக் கையில் வாங்கியபோதுதான் தயாமணிக்கு அது நினைவுக்கு வந்தது. வேதத்தில் உள்ளது இல்லை. பிற்காலத்து யூத ரபிகளின் வாய்மொழியில் வரும் சின்னக் குறிப்பு. முன்காலத்தில் தலைமை ஆசாரியர்களின் தாய்மார்கள், அடைக்கலப்பட்டணத்தில் இருந்தவர்களுக்குச் சோறும் துணியும் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். விடுதலைக்காகத் தங்கள் பிள்ளைகள் சாக வேண்டும் என்று அங்கிருப்பவர்கள் ஜெபித்துவிடக் கூடாதே என்பதற்காக.

சேலை மடிப்பை அவள் தடவிக்கொண்டே கேட்டாள். “அம்மா, இப்படிச் செய்யணும்னு உங்ககிட்ட யாராவது சொன்னாவளா? பேராயர் ஐயா சொன்னாரா?”

“அவனா? போகாதீங்கம்மான்னுதான் சொல்லுதான். அவனுக்கு வெக்கம்.” அன்னபாக்கியம் பாத்திரத்தின் அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். “எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லல தாயி. நான் எந்தப் புஸ்தகமும் படிச்சவ இல்ல.”

கம்பளியை மறுபடி மடித்துக்கொண்டே தொடர்ந்தார்.

“போன திங்கக்கிழமை அவனுக்கு நெஞ்சு வலிச்சிருச்சு. சைக்கிள்லேர்ந்து எறங்கி ரோட்டோரமா உக்காந்துட்டான். திருநெல்வேலியில ரெண்டு நாள் வச்சிருந்தாவ. வாயுவாம். ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாவ.” நிமிர்ந்து பார்த்தார். “உனக்கு யாரும் சொல்லலயே?”

“இல்லம்மா” என்றாள் தயாமணி. “எனக்குத் தெரியாது.”

அன்னபாக்கியம் அவள் முகத்தை விட்டுவிட்டு அறையைப் பார்த்தார். அலமாரி காலியாக இருந்தது. புத்தகங்களெல்லாம் தரையில் அடுக்கடுக்காகச் சணல் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தன. எட்டுக் கட்டு. சுவரிலிருந்த மகளின் படம் துணியில் சுற்றி மேலாக வைக்கப்பட்டிருந்தது. திங்கட்கிழமை காலை சமாரியன் நெஞ்சுவலிச் செய்தி சொன்ன அரைமணி நேரத்துக்குள் கட்டியவை. புதன்கிழமை வெறும் வாயுதான் என்று செய்தி வந்தபிறகு அவற்றை அவிழ்க்கத் தயாமணிக்குக் கை வரவில்லை. மூன்று நாளாக அப்படியே கிடந்தன.

மூதாட்டி வெகுநேரம் அந்தக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்னபாக்கியம் தட்டை எடுத்துத் துடைத்தார். சோற்றைப் போட்டார். குழம்புக்குள் கரண்டியை விட்டுத் துழாவி, பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தார்.

“சாப்பிடு” என்றார். “ஆறிப்போகும்.”

பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தயாமணி சாப்பிட்டாள். பசி நன்றாகவே இருந்தது.